எத்தனை மில்லிகிராம் பயம்?

செயற்கை இனிப்பு கெடுதலா என்ற சர்ச்சைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. காப்பியில் மாத்திரை போட்டுக் குடிக்கும் ஒரு சர்க்கரை நோயாளி தன் கணக்கைச் சொல்கிறார்.

எங்கள் குடும்பத்தில் பெரிய சொத்து எதுவும் தலைமுறை தாண்டி வந்ததில்லை. சர்க்கரை நோய் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு 50 வயதில், அக்காவுக்கு 46-ல், எனக்கு 48-ல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்தவர்கள் நாங்கள். அக்கா கல்யாணமாகி மும்பை மாதுங்காவில் இருக்கிறார். நான் டில்லியில் மத்திய அரசின் கணக்குப் பிரிவு ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, மயூர் விஹாரில் குடியிருக்கிறேன்.

டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். காலையில் நடக்கச் சொன்னார், டில்லி குளிரிலும் நடக்கிறேன். காப்பியை மட்டும் விட முடியவில்லை. அதைக் கசப்பாகக் குடிக்கவும் முடியவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு டம்ளர் ஃபில்டர் காப்பி. டம்ளருக்கு இரண்டு அஸ்பார்டேம் மாத்திரை. இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் வழக்கம். அக்காவுக்கும் அப்படித்தான். ஊருக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் கைப்பையில் அந்தச் சின்ன டப்பா இருக்கும்.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, டி.வி. பார்த்தியா? நம்ம மாத்திரையில கேன்சர் வருமாம். நான் டப்பாவோட குப்பையில போட்டுட்டேன். நீயும் தூக்கிப் போட்டுரு" என்றார். என் மனைவியைக் கூப்பிட்டு அவளிடமும் தனியாகச் சொன்னார். "சரி மதினி, நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த மனைவி, அன்று மாலையே டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டாள்.

செய்தி பொய்யல்ல. பாதிச் செய்தி. அந்த ஜூலை 14-ம் தேதி உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் அஸ்பார்டேம் பற்றிய தங்கள் முடிவுகளை ஒரே நாளில் வெளியிட்டன. ஒன்று, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. அது அஸ்பார்டேமை '2பி' என்ற பட்டியலில் சேர்த்தது. 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்பது அதற்குப் பொருள். கல்லீரல் புற்றுநோய் தொடர்பாகக் கிடைத்த, குறைந்த அளவிலான சான்றுகளே இதற்கு அடிப்படை என்று முகமையே சொன்னது.

இன்னொன்று, உணவில் சேர்க்கும் பொருள்களை மதிப்பிடும் கூட்டு நிபுணர் குழு. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. வரை தினமும் அஸ்பார்டேம் சாப்பிடலாம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணம் எதுவும் இல்லை என்று இந்தக் குழு அறிவித்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த வரம்பைத் தாண்ட வேண்டுமானால் 'டயட்' பானத்தை ஒரே நாளில் 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். முதல் முடிவு தலைப்புச் செய்தி ஆயிற்று. இரண்டாவது முடிவு கடைசிப் பத்திக்குப் போயிற்று. அக்கா தலைப்போடு டி.வி.யை அணைத்துவிட்டார்.

இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. கேட்ட கேள்விகள் வேறு. கட்டுவிரியனுக்கு விஷம் உண்டா என்பது ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டுவிரியன் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. புற்றுநோய் முகமை கேட்பது முதல் கேள்வியை. ஒரு பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறதா, அதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்று மட்டுமே அது பார்க்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று அது சொல்வதில்லை. அதே 2பி பட்டியலில் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. ஆசியாவில் பாரம்பரிய முறையில் ஊற வைக்கும் காய்கறிகளும் இருக்கின்றன. கற்றாழைச் சாறு குடித்தால் சர்க்கரை குறையும் என்று எனக்கு வழி சொன்னவர்கள் டில்லியில் குறைந்தது பத்துப் பேர் இருப்பார்கள்.

வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்தவன் என்பதால் நானும் ஒரு கணக்குப் போட்டேன். என் எடை 62 கிலோ. கிலோவுக்கு 40 மி.கி. என்றால் ஒரு நாள் வரம்பு 2,480 மி.கி. நான் வாங்கும் டப்பாவில் மாத்திரை ஒன்றுக்கு 18 மி.கி. என்று போட்டிருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு மாத்திரைக்கு 72 மி.கி. வரம்பில் 3 சதவீதத்துக்கும் குறைவு. வரம்பைத் தொட வேண்டுமானால் நான் தினம் 138 மாத்திரை விழுங்க வேண்டும். டப்பாவை ஒளித்து வைத்த மனைவியிடம் இந்தக் காகிதத்தைக் காட்டினேன். கூட்டிப் பார்த்து, பெருக்கிப் பார்த்து, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த மாத்திரை வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது என்பதும் ரகசியமல்ல. அஸ்பார்டிக் அமிலம், ஃபினைல் அலனின், கொஞ்சம் மெத்தனால் என்று மூன்றாக உடைகிறது. முதல் இரண்டும் பாலிலும் பருப்பிலும் இருப்பவை. மெத்தனால் என்றதும் கள்ளச்சாராயச் சாவுகள் நினைவுக்கு வரும். ஆனால் அஸ்பார்டேம் கலந்த பானம் ஒரு டம்ளர் தருவதைவிட, ஒரு டம்ளர் தக்காளிச் சாறு தரும் மெத்தனால் அதிகம். இங்கேயும் பெயரைவிட அளவுதான் முக்கியம்.

மும்பைக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "உனக்கு எல்லாமே கணக்குதான். நான் இனிமே இயற்கையானதைத்தான் சாப்பிடப் போறேன்" என்றார். அவர் மருமகளுக்கு உடன்குடி பக்கம். வீட்டில் எப்போதும் கருப்பட்டி இருக்கும். மாத்திரை போன இடத்தில் கருப்பட்டி வந்தது. மருந்து மாதிரிதானே என்று காப்பியில் ஆரம்பித்து, பணியாரம், சுக்குக் காப்பி என்று போயிற்று. கருப்பட்டியில் இரும்புச் சத்து உண்டு, வாசனை உண்டு, எங்கள் ஊர் நினைவும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்குள் போன பிறகு அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று கணையம் விசாரிப்பதில்லை.

நான்கு மாதம் கழித்து அக்காவின் இடது காலில் செருப்புக் கடித்த இடம் புண்ணாயிற்று. ஆறவில்லை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.2-லிருந்து 9.4 ஆகியிருந்தது. பெருவிரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர்கள் சொன்னதும் நான் ராஜதானி ரயிலைப் பிடித்து மும்பைக்கு ஓடினேன். மூன்று வாரம் ஆஸ்பத்திரி, இன்சுலின், தினமும் புண்ணைச் சுத்தம் செய்யும் வேதனை. விரல் தப்பியது. புண் ஆறாததற்குக் கருப்பட்டி மட்டுமே காரணம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை. அக்காவுக்கு வயது, பழைய நோய், குறைந்துபோன நடை எல்லாம் சேர்ந்திருந்தன. ஆனால் அந்த நான்கு மாதத்தில் புதிதாக மாறியது ஒன்றுதான்.

வரலாம் என்று சந்தேகிக்கப்படும் ஒரு புற்றுநோய்க்குப் பயந்து, ஏற்கெனவே வந்துவிட்ட ஒரு நோய்க்குக் கதவைத் திறந்துவிடுவது என் அக்கா வீட்டில் மட்டும் நடப்பதல்ல. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. இத்தனை பேர் வாழும் நாட்டில் இனிப்பு பற்றிய ஒரு அரைச் செய்தி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் என் அக்காவின் சந்தேகத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. செயற்கை இனிப்புகளின் சரித்திரத்தைப் படிப்பவர் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அவை கண்டுபிடிக்கப்பட்ட விதமே நம்பிக்கை தருவதாக இல்லை. 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தார் எண்ணெய் வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டான்டின் ஃபால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. சாக்கரின் பிறந்தது. 1937-ல் மைக்கேல் ஸ்வேடா என்ற மாணவர் ஆய்வுக்கூடத்தில் பிடித்த சிகரெட் இனித்தது. அது சைக்லமேட். 1965-ல் அல்சர் மருந்து தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர் காகிதம் எடுக்க விரலை நக்கினார். அது அஸ்பார்டேம்.

1976-ல் லண்டனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சசிகாந்த் பட்னிஸிடம் ஒரு சேர்மத்தைச் 'டெஸ்ட்' செய்யச் சொன்னார்கள். அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழுந்ததாம். நாக்கில் வைத்துப் பார்த்தார். சீனியைவிடச் சுமார் 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் அப்படித்தான் கிடைத்தது. அஸ்பார்டேமைக் கொதிக்க வைத்தால் சிதைந்து இனிப்புப் போய்விடும். என் மனைவி ஒரு வருஷப் பிறப்புக்கு மாத்திரை போட்டுக் கொதிக்க வைத்த பால் பாயசம் சப்பென்று வெறும் பாலாகவே இருந்தது. சுக்ரலோஸ் சூடு தாங்கும். அதனால்தான் பலகாரக் கடைகளும் பிஸ்கட் கம்பெனிகளும் அதை விரும்புகின்றன.

சண்டையும் பழையதுதான். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தலைமை வேதியியல் அதிகாரி ஹார்வி வைலி, சாக்கரின் உடலுக்குக் கெடுதல் என்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் எதிரிலேயே சொன்னார். ரூஸ்வெல்ட்டுக்கு அவருடைய டாக்டரே தினமும் சாக்கரின் கொடுத்து வந்தார். ஜனாதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. அதைக் கெடுதல் என்பவன் முட்டாள் என்கிற அளவுக்குப் பேசினார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த விவகாரத்தில் விஞ்ஞானமும் அதிகாரமும் பணமும் ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன.

1969-ல் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததைக் காரணம் காட்டி அமெரிக்கா சைக்லமேட்டைத் தடை செய்தது. சைக்லமேட்டுக்கு எதிரான ஆய்வுகளுக்குச் சீனித் தொழிலின் பணமும் போயிற்று. பின்னால் வந்த பரிசீலனைகள் அது புற்றுநோய் உண்டாக்குகிறது என்று உறுதி செய்யவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் தடை நீங்கவில்லை. ஐரோப்பாவிலோ அதே பொருளுக்கு அனுமதி உண்டு. அட்லாண்டிக் கடலின் ஒரு கரையில் விஷம், மறு கரையில் உணவு.

1977-ல் சாக்கரினின் முறை வந்தது. கனடாவில் உணவில் 5 சதவீதம் வரை சாக்கரின் கலந்து கொடுக்கப்பட்ட எலிகளுக்குக் கட்டி வந்தது. அமெரிக்க அரசு தடை செய்யப் போவதாக அறிவித்ததும் சர்க்கரை நோயாளிகள் கொதித்து எழுந்தார்கள். அன்று அவர்களுக்கு இருந்த ஒரே மாற்று அதுதான். அமெரிக்க நாடாளுமன்றம் தடையை நிறுத்தி, எச்சரிக்கை வாசகம் மட்டும் அச்சிடச் சொன்னது. ஆண் எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் அதில் படிகங்கள் உண்டாகி, பையை உராய்ந்து, அதனால் கட்டி வருகிறது என்றும், மனிதனுக்கு அது பொருந்தாது என்றும் தெரிய இருபது ஆண்டு ஆயிற்று. 2000-ல் அந்த எச்சரிக்கை வாசகமும் போயிற்று.

அஸ்பார்டேம் கதை இன்னும் சிக்கல். 1974-ல் கொடுத்த அனுமதி, ஆய்வுகளின் நேர்மை பற்றிக் கேள்வி எழுந்ததால் நிறுத்தி வைக்கப்பட்டது. 1980-ல் ஒரு விசாரணைக் குழு, மேலும் ஆராயாமல் அனுமதிக்க வேண்டாம் என்றது. 1981-ல் ரொனால்டு ரீகன் ஆட்சிக்கு வந்ததும் நியமிக்கப்பட்ட புதிய ஆணையர் அனுமதி கொடுத்தார். அஸ்பார்டேமைத் தயாரித்த சியர்ல் கம்பெனியின் தலைவராக அப்போது இருந்தவர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு. பின்னாளில் ஈராக் போர்க் காலத்தில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த அதே ரம்ஸ்ஃபெல்டுதான். இதனால் அஸ்பார்டேம் விஷமாகிவிடாது. ஆனால் 'எல்லாம் சோதித்தாகிவிட்டது, பேசாமல் சாப்பிடு' என்று யாரும் யாரையும் அதட்ட முடியாது.

இன்றும் விடை கிடைக்காத கேள்விகள் உண்டு. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் ஆகியவற்றை அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் சற்றே அதிகம் என்றது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2014-லும் 2022-லும் வெளியிட்ட ஆய்வுகள் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியவை. சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருக்கு அந்த நுண்ணுயிர்களை மாற்றி, உடல் சர்க்கரையைக் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடும் என்றன. 'இயற்கை' என்று விற்கப்படும் ஸ்டீவியா பொட்டலங்கள் பலவற்றில் நிரப்பியாகச் சேர்க்கப்படும் எரித்ரிட்டாலும் தப்பவில்லை. ரத்தத்தில் அது அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று 2023-ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மழை பெய்யும்போது தெருவில் குடைகள் அதிகம் தெரியும். அதை வைத்துக் குடைதான் மழையை வரவழைக்கிறது என்று சொல்ல முடியாது. எடை கூடியவர்களும் சர்க்கரை நோய்க்குப் பயந்தவர்களும்தான் செயற்கை இனிப்பை அதிகம் நாடுகிறார்கள். அவர்களுக்கு நோய் அதிகம் என்றால், அது இனிப்பால் வந்ததா, ஏற்கெனவே இருந்த நிலையால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். ஆராய்ச்சியாளர்கள் பிரிக்க முயல்கிறார்கள். முழுதாகப் பிரிக்க முடிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த நிலையைத்தான் காட்டுகிறது. எடையைக் குறைப்பதற்காகச் செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. நீண்ட காலத்தில் அதனால் எடை குறைவதாகத் தெரியவில்லை, வேறு பாதகங்கள் இருக்கலாம் என்பது காரணம். ஆனால் அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் தெளிவாகச் சொன்னது. இந்த ஒரு வரி அக்காவின் டி.வி.யில் வந்திருந்தால் அந்த டப்பா குப்பைக்குப் போயிருக்காது.

ஆகவே, செயற்கை இனிப்பு நல்லதா கெட்டதா என்று யாராவது மொட்டையாகக் கேட்டால் நான் திருப்பிக் கேட்கிறேன்: யாருக்கு? எவ்வளவு? எதற்குப் பதிலாக? எனக்கு, தினம் நான்கு மாத்திரை, நான்கு ஸ்பூன் சீனிக்குப் பதிலாக. இதில் நான் பயப்பட எதுவும் இல்லை. ஃபினைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்கோ அஸ்பார்டேம் ஆகவே ஆகாது. ஃபினைல் அலனினை அந்த உடம்பால் செரிக்க முடியாது, மூளை பாதிக்கப்படும். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் ஏற்றதல்ல என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டியது அதனால்தான்.

பயப்பட வேண்டிய இடங்களில் நாம் பயப்படுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். டில்லியில் தீபாவளி நேரத்தில் பலகாரக் கடைக்குப் போனால் 'சுகர் ஃப்ரீ' என்ற பலகைக்குக் கீழே தனி வரிசையே இருக்கும். அத்திப்பழ பர்ஃபி, பேரீச்சம்பழ லட்டு, கோவா ரோல். வெளியிலிருந்து சீனி சேர்க்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். பழத்தின் சர்க்கரையும் பாலின் சர்க்கரையும் நெய்யும் எங்கே போகும்? என் வயதுக்காரர்கள் அரைக் கிலோ வாங்கி, குற்ற உணர்ச்சியே இல்லாமல் ஒரே நாளில் முடிக்கிறார்கள். மாத்திரையைக் கண்டு நடுங்குகிறவர்கள் இந்தப் பலகையை முழுதாக நம்புகிறார்கள்.

பான் மசாலாவைப் பாருங்கள். வட இந்தியாவின் ஒவ்வொரு பெட்டிக் கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது. அதில் சாக்கரின் சேர்க்க நம் விதிகள் நெடுங்காலமாக அனுமதித்து வந்திருக்கின்றன. அதைப் பற்றி மட்டும் பேசினால் உள்ளே இருக்கும் பாக்கை மறந்துவிடுவோம். அதே புற்றுநோய் முகமை, பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 2004-ம் ஆண்டிலேயே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. இங்கே இனிப்பின் குற்றம், பாக்கின் துவர்ப்பை மறைத்து, பள்ளிக்கூடப் பையன்களுக்கும் பிடிக்கும்படி செய்வதுதான். வாய்ப் புற்றுநோய் வந்த முகங்களை நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பார்த்தவர்கள் என் காப்பி மாத்திரையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

கடைசியாக என் பேரன். மகள் வயிற்றுப் பையன், வயது 9, குர்கானில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் கையில் 'ஜீரோ' என்று எழுதிய டின். "தாத்தா, இதுல சுகரே இல்ல, நீங்களும் குடிக்கலாம்" என்றான். பாசத்தோடுதான் சொன்னான். டின்னைத் திருப்பிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. இனிப்பின் பெயர் இருந்தது. எத்தனை மி.கி. என்று இல்லை. செயற்கை இனிப்பு சேர்த்த உணவுகளின் மேல் 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்று அச்சிடச் சொல்லி 2011-ம் ஆண்டு இந்திய விதிகளிலேயே இருந்தது. குளிர்பானம் வாங்கும் எந்தப் பையன் அந்த எழுத்தைப் படிக்கிறான்?

அவன் எடை 27 கிலோ. அவனுக்கு வரம்பு 1,080 மி.கி. ஒரு டின்னில் 200 அல்லது 300 மி.கி. இருக்கலாம் என்பது நிபுணர் குழு எடுத்துக்கொண்ட கணக்கு. ஆக, நாலைந்து டின்னில் அவன் எல்லையைத் தொட்டுவிடுவான். ஒரு பிறந்தநாள் விருந்தில் இது நடக்காது என்று உறுதி சொல்ல முடியாது. அவனுக்குச் சர்க்கரை நோய் இல்லை. இந்தப் பொருள் அவனுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. இவ்வளவு இனிப்புதான் இயல்பு என்று அவன் நாக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான் அது செய்யும் வேலை. எனக்குச் சரியான பொருள் அவனுக்குச் சரியில்லை என்பதை அவனுக்கு விளக்கினேன். இரண்டு எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டுச் சர்பத் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.

அக்கா இப்போது மறுபடியும் மாத்திரைக்கு வந்துவிட்டார். அதுவும் ஒன்றுதான், டம்ளரும் சின்னதாகிவிட்டது. புற்றுநோய்ப் பயம் முழுதாகப் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. ஆராய்ச்சிகள் தொடரட்டும், வரம்புகள் குறைக்கப்பட வேண்டுமானால் குறையட்டும். அதுவரை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. செயற்கை இனிப்பு கலந்த ஒவ்வொரு டின்னிலும் பொட்டலத்திலும் அதன் பெயரோடு அளவையும் மி.கி.யில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும் அச்சிடச் சொல்லுங்கள். பெயரை மட்டும் தெரிந்துகொண்ட அக்கா பயந்தார். அளவு தெரிந்திருந்தால் கணக்குப் போட்டிருப்பார். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவர் அவர்.